புலம்பலுக்கு ஒரு மைக் பெட்டி

தவக்காலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஆண்டவர் உயிர்விட்டதும் எல்லோரும் முழங்காலில் விழுந்து பேச்சுமூச்சில்லாமல் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மலாய்க் குரல் வந்தது.

"லோரி டுவா, லோரி டுவா, மானா? புவா சுடா நாயிக் பெலும்?"

இரண்டாம் நம்பர் லோரி எங்கே, செம்பனைக் குலைகளை ஏற்றியாகிவிட்டதா என்று எடைமேடையிலிருந்து கேட்கிறார்கள். "சுடா, சுடா" என்று லோரிக்காரர் ஏற்றியாகிவிட்டதைச் சொன்னதும் அதே ஒலிபெருக்கியில்தான். கோயிலில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை, ஆனால் முதுகுகள் குலுங்கின. சிலுவைப்பாதையை நடத்திய உபதேசியார் மௌனத்தைப் பாதியிலேயே கைவிட்டுப் பதின்மூன்றாம் ஸ்தலத்துக்குத் தாவினார்.

கடைசி பெஞ்சில் இருந்த ஜார்ஜுக்குக் காது மடல் சுட்டது. ஒலிபெருக்கிக்கும் மைக்குக்கும் நடுவே இருந்த பெட்டி அவன் கைப்படச் செய்தது. போன வாரம்தான் கொண்டுவந்து வைத்தான். வைத்த கையோடு நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்திருந்தான்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் உள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்தில் அந்தோணியார் கோயில் சின்னக் கட்டடம். எடைமேடை அதற்கு அடுத்த வாசல் என்றே சொல்லலாம். லோரிகளில் பழைய சிபி ரேடியோ இருக்கிறது. குலை ஏற்றியது, இறக்கியது, டயர் புதைந்தது என்று எல்லாவற்றையும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். கோயிலின் பழைய ஒலிபெருக்கி இத்தனை வருஷமும் அந்தப் பேச்சைக் கண்டுகொண்டதே இல்லை. அதற்குக் காது மந்தம். உபதேசியார் போன்ற வெண்கலத் தொண்டைக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

போதாமல் போனது மரியகொரெட்டிக்கு. அவள் ஜார்ஜின் மனைவி.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி வழிபாட்டில், சிலுவையை முத்தி செய்து முடிந்ததும் மாதா புலம்பல் பாடுவது அங்கே வழக்கம். மடியில் மகனைக் கிடத்திக்கொண்டு மாதா அழுவதாக அமைந்த பாட்டு. ஒற்றைக் குரல்தான், பக்கவாத்தியம் கிடையாது. கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த மறுவருஷத்திலிருந்து அதைப் பாடியது மரியகொரெட்டி. மைக்கைத் தொடவே மாட்டாள். அந்த நாளுக்கு இந்த மாநிலத்தில் லீவு கிடையாது. ஆனாலும் லுக்குட், போர்ட்டிக்சன், சிரம்பான் என்று குடிபோனவர்களெல்லாம் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். வழிபாட்டுக்காக வந்தார்கள் என்பது பாதி உண்மை. அவள் குரலைக் கேட்க வந்தார்கள் என்பது மீதி.

போன வருஷக் கடைசியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு என்றார்கள், அறுத்தெடுக்க வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கிடக்கிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. குரல் மாறிவிட்டது. பாதி குரல், பாதி மூச்சு. வீட்டுக்குள் பேசினால் புரியும். பாசாரில் மீன்காரரிடம் விலை கேட்டால் அவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு குனிவார்.

"இந்த வருஷம் பமீலா பாடட்டும்" என்று தவக்காலம் தொடங்குமுன்பே சொல்லிவிட்டாள். பமீலா உபதேசியாரின் மகள். போர்ட்டிக்சனில் பாலர் பள்ளி ஆசிரியை, நல்ல தெளிவான குரல்.

ஜார்ஜ் விடவில்லை. "பாட்டு இருக்கு, ராகம் இருக்கு. சத்தம்தான் பத்தல. சத்தத்த நான் குடுக்கிறேன், இரு" என்றான். சுங்கை காடுட்டில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ரீவொர்க் மேசையில் அவனுக்கு வேலை. சோதனையில் தேறாத போர்டுகள் அவனிடம் வரும், அவன் தேற்றி அனுப்புவான். தேறாத எதையும் தேற்றிவிடலாம் என்ற மிதப்பு அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தானாக வந்துவிடும்.

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் துளியூண்டு. அதை முதலில் பெரிதாக்கித் தருவதுதான் ஜார்ஜ் செய்த பெட்டியின் வேலை. மனைவியின் சின்னக் குரலுக்காக அதை நிறையவே பெரிதாக்கும்படி செய்தான். அங்கேதான் வினை. பலிபீடத்திலிருந்து சுவரோரமாகப் பெட்டி வரைக்கும் ஓடுகிற நீளமான மைக் கேபிள், தன்னை ஏரியல் என்று நினைத்துக்கொண்டு லோரி ரேடியோவையும் பிடித்துக் கொடுத்தது. பெட்டி இரண்டையும் பாரபட்சமில்லாமல் பெரிதாக்கியது.

"மெஷின் நல்ல மெஷின். ஞானஸ்நானம் குடுத்துட்டா சரியாயிடும்" என்றான் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி கீத். அவன் ஜார்ஜின் பள்ளித் தோழன். அந்த வாரம் முழுக்க ஜார்ஜைப் பார்த்த இடத்திலெல்லாம் "லோரி டுவா, மானா?" என்று கேட்டான்.

பரிகாரம் தெரியாதவனல்ல ஜார்ஜ். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் கம்பிக்கொரு ரெசிஸ்டர் போட்டு, அதன் பின்னால் கெப்பாசிட்டர் வைத்து, ரேடியோ அலையை எர்த்துக்குத் தள்ளிவிட வேண்டும். பாட்டு உள்ளே வரும், லோரி வெளியே போகும். போட்டான். லோரி கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினான். இன்னும் கொஞ்சம் தணிந்தது. ரெசிஸ்டரையும் பெரிதாக்கினான். மைக்கை மாட்டாதபோது கேட்ட கரகரப்பை அடக்க, மைக்குக்குக் குறுக்கே ஒரு சுமை ரெசிஸ்டரையும் கட்டினான். அதைக் கொஞ்சம் கனமாகவே கட்டிவிட்டான். எதைச் சேர்த்தாலும் அதன் கம்பிக்காலை வெட்டாமல் நீளமாகவே விட்டு வைப்பது அவன் வழக்கம். நாளைக்குக் கழற்றி வேறெதற்காவது போடலாம் பாருங்கள்! ரீவொர்க் மேசைச் சிக்கனம் அது.

கடைசியில் லோரி அடங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீத் எடைமேடையில் நின்று ரேடியோவில் கூப்பாடு போட்டான். கோயில் ஒலிபெருக்கியில் ஒரு முனகல்கூட இல்லை. உபதேசியார் மைக் முன்னால் நின்று "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். ஜார்ஜும் ஒருமுறை சொன்னான். கீத் ஓடிவந்து அவன் பங்குக்கு ஒன்று சொன்னான். மூன்று குரலும் கணீரென்று வந்தன. அந்தக் கோயிலில் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலிலும், எந்தக் கல்யாண மண்டபத்திலும் மைக்கைச் சோதிப்பது ஆம்பளைகள் வேலை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பெண்கள் மைக்கிடம் போவார்கள். அது யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் மரியகொரெட்டியை மைக் முன்னால் நிறுத்தினான் ஜார்ஜ். கோயில் காலி. பமீலா மட்டும் பூச்சாடிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மரியகொரெட்டி கண்ணை மூடி முதல் கண்ணியைப் பாடினாள். சத்தம் தாராளமாக வந்தது. ஜார்ஜ் உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டான். இரண்டாம் கண்ணியில் அவள் கண்ணைத் திறந்தாள். தலையைச் சாய்த்து ஒலிபெருக்கியையே பார்த்தாள். பாட்டு மெல்ல நின்றது.

"ஏன், என்னா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மைக்கைத் தாங்கியில் பொருத்தினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அழவெல்லாம் இல்லை. "ஆப்பரேஷனுக்கு அப்புறம் என் குரல வெளியில இருந்து இன்னிக்குத்தான் கேட்டேன். உள்ளுக்குள்ள எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. இதுதான் என் குரல்னா இது புலம்பலுக்கு ஆவாது. பமீலாகிட்ட சொல்லிட்டேன், அவ பாடுவா."

"நல்லாத்தான் இருக்கு லா" என்றான் ஜார்ஜ்.

கழுத்தில் தையல் பிரித்த நாளிலிருந்து அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டரிடமிருந்து காரில் வரும்போது சொன்னான், ஜெபமாலை சொல்லும்போது சொன்னான், மீன்காரர் குனிந்த அன்றைக்கும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பமீலா ஒத்திகைக்கு வந்தாள். ஜார்ஜ் பெட்டியை முடுக்கிக் கொடுத்துவிட்டு வேண்டா வெறுப்பாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். பமீலா இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தினாள்.

"அங்கிள், என்னா இது? போர்வைய மூடிக்கிட்டுப் பாடற மாதிரி வருது."

"மைக்க கிட்ட வச்சுப் பாடும்மா."

"கிட்டத்தான் வச்சிருக்கேன். கேளுங்க. சிலுவைங்கிறேன், ச்சும் இல்ல ஸ்ஸும் இல்ல, இலுவைன்னு வருது."

ஜார்ஜ் எழுந்து நின்றுவிட்டான். பமீலாவின் குரலில் ஒரு குறையும் இல்லை, வாயிலிருந்து நேரே காதுக்கு வரும்போது மணி மாதிரி இருந்தது. ஒலிபெருக்கிக்குப் போனதும் மங்கிப் புகைந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லோரியை அடக்கும் அவசரத்தில் அவன் போட்ட கெப்பாசிட்டர் பாட்டின் மேல்பாதியையும் சேர்த்து எர்த்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. உபதேசியாரின் கட்டைக் குரலுக்கும் அவனுடைய கட்டைக் குரலுக்கும் அந்த மேல்பாதி பெரிதாகத் தேவைப்படவில்லை. பெண் குரலுக்குத் தேவை. மரியகொரெட்டிக்கோ, இப்போது மிச்சமிருப்பதே மூச்சும் மெய்யெழுத்தும்தான். அவற்றைத்தான் பெட்டி பார்த்துப் பார்த்துத் தின்றிருக்கிறது. அவள் கேட்டது அவள் குரலே இல்லை.

மோட்டோர் சைக்கிளை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மரியகொரெட்டி அடுப்படியில் இருந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரி, எனக்காகச் சொல்றீங்க. சந்தோசம்" என்றாள்.

"உனக்காக இல்ல, நெசமா. பமீலாகிட்ட கேட்டுப் பாரு."

"பமீலாவும் நல்ல பொண்ணுதான், எனக்காகச் சொல்லுவா. ஊரே எனக்காகத்தான் பேசுது. பாட வேணாம்னு நான் ஒருத்திதான் நெசத்தப் பேசறேன். விட்டுருங்களேன் லா."

அத்தனை மாதமும் ஆறுதலாகச் சொல்லிச் சொல்லி, நிஜத்தைச் சொல்லும் நாளில் அவன் வார்த்தை செல்லாமல் போய்விட்டது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பெட்டியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். வெட்கமாக இருந்தது. கேபிளின் உள்கம்பிகளைப் போர்த்தியிருக்கும் உறைக்கம்பி சாக்கெட்டிலிருந்து நீள ஒயராக ஓடி, பெட்டியின் நடுவே இருந்த போர்டில் போய் இறங்கியிருந்தது. கெப்பாசிட்டர்களும் நெடுங்கால்களை நீட்டிக்கொண்டு அதே இடத்தில்தான் எர்த்தாகியிருந்தன. லோரி ரேடியோவை வாசலில் தடுக்காமல் நடுவீட்டுக்குக் கூட்டிவந்து, உட்கார வைத்து, பிறகு வெளியே போ என்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். அது போகவில்லை என்றதும் தள்ளுகிற பலத்தைக் கூட்டிக்கூட்டிப் பாட்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டான். தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் செய்த போர்டு அவன் மேசைக்கு வந்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருப்பான்.

உறைக்கம்பியைச் சாக்கெட் பக்கத்திலேயே பெட்டியின் இரும்போடு ஒட்டினான். பெரிய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டு, கடுகளவு மதிப்புள்ளவையாக எடுத்து, கால்களை மயிரிழை விட்டு நறுக்கி, சாக்கெட்டின் முதுகிலேயே வைத்து அங்கேயே எர்த் செய்தான். நுழைவு ரெசிஸ்டர்களைச் சின்னதாக்கினான். மைக்கின் குறுக்கே கட்டியிருந்த சுமையையும் இலேசாக்கினான். இத்தனை நாளும் மைக் பாதி தெம்பை அந்தச் சுமைக்கும் அந்த ரெசிஸ்டர்களுக்கும் தந்துவிட்டு மீதியைத்தான் பெட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் கோயிலில் மாட்டினான். கீத் ரேடியோவில் கத்தினான். ஒன்றும் வரவில்லை. இந்த முறை சோதித்தது பமீலா. சிலுவை சிலுவையாகவே வந்தது.

பெட்டி தேறிவிட்டது. மரியகொரெட்டி வரமாட்டேன் என்றாள்.

பெரிய வியாழன் மத்தியானம். அவள் தரையில் செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஜார்ஜ் எதிரே வந்து உட்கார்ந்தான். ஒரு கை நெத்திலியை அள்ளித் தானும் கிள்ளத் தொடங்கினான். பிறகு அவன் தலையைத் தூக்காமலேயே சொன்னான்.

"உன் குரல் நல்லா இல்ல மரியா."

அவள் கை நின்றது.

"பழைய குரல் போயிருச்சு. திரும்பி வரும்னு எனக்குத் தோணல. மேல போறப்ப ரெண்டா உடையுது. நீட்டி இழுத்தா பாதியில குரல் நின்னுபோயி வெறுங்காத்துதான் வருது. ஆஸ்பத்திரியில மொத நாள் நீ தண்ணி கேட்டியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளியில போயி அழுதுட்டு வந்துதான் நல்லாருக்குன்னு சொன்னேன்."

அவள் அவனைப் பார்த்தபடி இருந்தாள். முகத்தில் இரத்தம் ஏறியது. "இத சொல்றதுக்கு இவ்ளோ மாசமா?" என்றாள்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கு இல்லியா பயம்? தனியா இல்ல பயந்துகிட்டு இருந்தேன். கேக்கிறவங்க எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குங்கிறாங்க, எனக்குத்தான் மண்ட கொழம்பிப் போச்சுன்னு நெனச்சேன்."

அவள் மறுபடி நெத்திலியைக் கிள்ளத் தொடங்கினாள், கொஞ்சம் வேகமாக. வெகு நேரம் கழித்து, "அப்ப அந்தப் பெட்டி?" என்று கேட்டாள்.

"இருக்கிற கொஞ்சத்தையும் அது முழுங்கிருச்சு. அன்னிக்கு நீ கேட்டது உன் குரல் இல்ல. உன் குரல்ல பாதி. அந்தப் பாதிய எடுத்தது நான். இப்ப சரி பண்ணிட்டேன். நாளைக்குப் பாடினா உடையிறது எல்லாருக்கும் நல்லாவே கேக்கும், அதையும் சொல்லிப்புடறேன். ஆனா கேக்கிறது நீதான்."

அன்று முழுக்க அவள் அவனிடம் பேசவில்லை. இரவுச் சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். ஜார்ஜ் தனியாகச் சாப்பிட்டான், எதைச் சாப்பிட்டோம் என்று தெரியாமல். சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தான். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றும் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "பமீலாவுக்குப் போன் போட்டேன். பக்கத்துல நிக்கச் சொல்லியிருக்கேன். என்னால முடியலன்னா அவ எடுத்துப் பாடுவா" என்றாள்.

கோயில் நிரம்பி வாசல் வரைக்கும் ஆட்கள். சிலுவை முத்தி முடிந்ததும் மரியகொரெட்டி மைக் முன்னால் வந்து நின்றாள். அவள் மைக்கிடம் போனதைப் பார்த்ததும் பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜார்ஜ் பெட்டியின் பக்கத்தில் நின்றான். அதே நேரத்தில் ஒரு லோரி உறுமிக்கொண்டு எடைமேடையில் ஏறுவதும் கேட்டது. அவன் அந்தோணியாரை வேண்டிக்கொண்டான். மேசையில் செய்த வேலைக்கு அவன் சாமி கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

லோரி வாய் திறக்கவில்லை. அவள் குரல் வந்தது. மெல்லிய குரல், ஓரமெல்லாம் மூச்சு. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் துலக்கமாக வந்தது. அவள் மூச்சை உள்ளிழுப்பதுகூட கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மூன்றாம் கண்ணியில் 'மகனே' என்று மேலே போகிற இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது. பமீலா புத்தகத்தைத் தூக்கினாள். மரியகொரெட்டி கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, உடைந்த குரலோடேயே அடுத்த அடிக்குப் போனாள். கோயிலில் ஓர் இருமல் இல்லை. முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். வருஷா வருஷம் அழுகிறவர்கள்தான், இன்றைக்கு மாதாவுக்காக அழுதார்களா இவளுக்காக அழுதார்களா என்று ஜார்ஜால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவன் தனக்கும் சேர்த்து அழுதான்.

வழிபாடு முடிந்து எல்லோருக்கும் கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்கள். பல பேர் வந்து மரியகொரெட்டியின் கையைப் பிடித்து "நல்லா இருந்துச்சுக்கா" என்றார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். அவர்கள் போனதும் கஞ்சிக் கோப்பையோடு வந்து ஜார்ஜின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கெங்க உடைஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

பழைய பதில் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டான். "மூணாவது கண்ணி, 'மகனே'ல. அப்பறம் கடைசி அடியில இழுத்தியே, அங்க குரலே இல்ல, காத்துதான்."

"கடைசி அடி எனக்கும் கேட்டுச்சு." அவள் கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். "அடுத்த வருஷம் சுருதிய அரைக் கட்ட எறக்கி எடுக்கணும்" என்றாள்.